மணல் கடலும் கல் பரப்பும்

டயோரமாவில் பாலைவனம் என்றதுமே பலருக்கும் கை மணலுக்குத்தான் போகிறது. பலகையில் ஃபெவிகால் பூசி, மணலைத் தூவி, மஞ்சள் அடித்தால் வட ஆப்பிரிக்கப் போர்க்களம் தயார் என்ற எண்ணம். ஆனால் 1940-க்கும் 1943-க்கும் இடையே சண்டை நடந்த அந்த நிலத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பாலைவனங்கள் இருந்தன. ஒன்று, கடலோரத்து அல் அலமெய்னின் சுண்ணாம்புக்கல் பரப்பு. மற்றது, எகிப்து லிபியா எல்லையில் கிடக்கும் பெரும் மணல் கடல். 1/35 அளவில் இரண்டையும் செய்து பார்த்தால் ஒரு விநோதம் பிடிபடும்: அசல் மணல் பொருந்துவது கல் பரப்புக்குத்தான், மணல் கடலுக்கு அது ஆகவே ஆகாது.

மணல் குன்றின் ஒரு துகள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதை அப்படியே 1/35 காட்சியில் போட்டால் ஒன்பது மில்லிமீட்டர் உருண்டையாக நிற்கும். பொம்மைச் சிப்பாயின் காலடியில் அது ஜல்லி.

ஆகவே மணல் கடலைச் செய்யும்போது துகளே கண்ணில் படக்கூடாது. தெர்மாகோலில் சரிவை அறுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி வழவழப்பாக்கி, நீர்த்த பசையின் மேல் வஸ்திரகாயம் செய்த சுவர்ப் பட்டித் தூளைத் தூவினால் போதும். காற்று வரும் பக்கம் சரிவு மெல்ல ஏற வேண்டும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கலாம், ஆனால் 34 பாகைக்கு மேல் கூடாது, உலர்ந்த மணல் அதற்கு மேல் நிற்காது. இதையெல்லாம் ஆராய்ந்து 1941-இல் நூலாக்கிய ரால்ஃப் பாக்னால்டுதான் அதற்கு முந்தைய ஆண்டு நீள்தூரப் பாலைவனப் படையைத் தொடங்கியவர். அந்தப் படையின் லாரிகளை இந்த நிலத்தில் நிறுத்தினால், காற்று குறைத்த டயர் சற்றே பிதுங்கியிருக்க வேண்டும். நூறு மீட்டர்க் குன்று இந்த அளவில் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனவே சரிவின் ஒரு துண்டை மட்டும் காட்டுங்கள். முழுக் குன்றையும் ஒரு சாண் பலகையில் அடக்கினால் லாரி கொட்டிப் போன கட்டுமான மணல் போலத்தான் இருக்கும்.

கல் பரப்பு இதைவிடக் கடினம் என்பது என் கருத்து. காற்று பொடியை வாரிக்கொண்டு போக, கனமானவை மட்டும் ஒற்றை அடுக்காகத் தங்கிவிட்ட நிலம் அது. கற்கள் குவிந்து கிடக்காது. பாதி புதைந்து, இடைவெளி விட்டுக் கிடக்கும். ஈரப் பட்டியின் மேல் சலித்த எம்-சாண்டைத் தூவி, ஒவ்வொரு பெரிய துகளையும் குச்சி நுனியால் பாதி அழுத்துங்கள். ஆற்று மணலின் உருண்டைத் துகளைவிட எம்-சாண்டின் முனைகள் உடைந்த சுண்ணாம்புக்கல்லுக்கு நன்றாக ஒத்துப்போகும். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் காற்று மறைவான ஒரே பக்கத்தில் பேஸ்டல் பொடியை மெல்லிய தூரிகையால் வால் போல இழுங்கள். திசை மாறினால் எல்லாம் பொய்யாகிவிடும்.

நிறத்திலும் இரண்டும் வேறு. மணல் கடலுக்கு வெதுவெதுப்பான மஞ்சள். கல் பரப்புக்கு வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பு. பளிச்சென்ற மஞ்சள் அங்கே தலைகாட்டவே கூடாது.

அல் அலமெய்ன் போர்க்களத்தின் ருவைசாத் மேட்டில் பாறை மேலாகவே இருந்ததால் பல இடங்களில் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. சிப்பாய்கள் கற்களை அடுக்கி மறைப்புச் சுவர் கட்டிக்கொண்டார்கள். அங்கே நின்ற நான்காவது இந்திய டிவிஷனைச் செய்ய விரும்புகிறவர், ஆழமான அகழியை அறுக்காமல் முழங்கால் உயரக் கல்வளையத்தை அடுக்கட்டும். அந்த டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள் என்பதால் நம் மாடல் கலைஞர்களுக்கு இந்த மேடு கூடுதலாகவே நெருக்கம்.

1/72-க்கு இறங்கினால் கணக்கு மறுபடி மாறும். கால் மில்லிமீட்டர் துகள் அங்கே பதினெட்டு மில்லிமீட்டர் கல். எம்-சாண்டையும் டீ வடிகட்டியில் சலித்து, அடியில் விழும் நுண்பொடியை மட்டும் கல் பரப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.