கொழும்புப் பல்கலைக்கழக நூலகமும் நமது பழைய நூல்களும்

1888ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலே, இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் மொழியாலும் வழக்காறுகளாலும் தமிழரே, மதத்தால் மாத்திரமே வேறுபட்டவர்கள் என்பது அதன் சாரம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற குரல் எழுந்திருந்த வேளை அது. அடுத்த ஆண்டே, 1889இல், எம். சி. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். ஆசனம் கிடைத்துவிட்டது, கட்டுரைக்கான பதில் பாக்கியிருந்தது. அதை 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார்.

இந்த விவாதத்தைப் பற்றி நம்மவர்கள் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறார்கள். இரண்டையும் கையிலெடுத்து வாசித்துவிட்டுப் பேசியவர்கள் மிகச் சிலர். அதற்கு ஒரு காரணம் சோம்பல். இன்னொரு காரணம் நூலகம் சம்பந்தப்பட்டது. அதைத்தான் இங்கு சொல்ல வந்தேன்.

இராமநாதனின் கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தது: சங்கத்தின் சஞ்சிகை, பத்தாம் தொகுதி, 36ஆம் இதழ். ஆய்விதழ் என்பது வரிசையாகக் கட்டி வைக்கப்படுவது. ஓர் இதழ் குறைந்தால் வரிசையில் ஓட்டை தெரியும்; நூலகர் தேடி வாங்கி நிரப்புவார். இன்று அச்சஞ்சிகை முழுவதும் ஜேஸ்டோர் என்ற கணினித் தொகுப்பிலும் ஏறிவிட்டது. அஸீஸின் மறுப்போ தனிச் சிறு நூல். மெல்லிய நூல்களுக்கு அலமாரியில் முதுகு கிடையாது. பெரிய புத்தகங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஒருநாள் இல்லாமலே போய்விடும். அரை நூற்றாண்டு கழித்து, 1957இல், கொழும்பு சோனகர் இஸ்லாமியக் கலாசார நிலையம் மறுபதிப்புச் செய்திராவிட்டால் அந்த நூலின் பெயரைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருப்போம். ஒரே விவாதத்தின் இரண்டு பக்கங்களில் ஒன்று கணினித் திரையில் வந்து நிற்கிறது. மற்றதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வாதத்தின் பலம் பலவீனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த வடிவில் அச்சானது என்பதே காரணம்.

நமது நூல்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதை விளங்கிக்கொள்ள 1885ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அச்சிடுவோர், வெளியிடுவோர் பற்றிய கட்டளைச் சட்டம் அவ்வாண்டில் வந்தது. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்ததும் அதே 1885இல்தான். ஈழத்தின் முதல் தமிழ் நாவலும் நூற்பதிவுச் சட்டமும் ஓராண்டுப் பிள்ளைகள். சட்டப்படி இலங்கையில் அச்சாகும் நூலின் பிரதியொன்று கொழும்பு நூதனசாலை நூலகத்துக்கும், இன்னொன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலைக்கும் போயிற்று. பதிவான நூல்களின் பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை அரசாங்க வர்த்தமானியில் வெளியாகிற்று. வரலாறு எழுத விரும்பும் மாணவனுக்கு அந்தப் பட்டியல் ஒரு புதையல். நூலே அழிந்துபோனாலும் அப்படியொரு நூல் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

நூதனசாலை என்றதும் ஒரு சங்கதி ஞாபகம் வருகிறது. ஆளுநர் கிரகரி காலத்தில் எழுந்து, 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு நாளில் என்ன வேண்டும் என்று கிரகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் மூடி வைத்தால் போதும் என்று இவர் சொன்னதாக ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும் வெள்ளிக்கிழமை மூடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவருடைய பேரன் சேர் றாசிக் பரீத்தான் 1944இல் சோனகர் இஸ்லாமியக் கலாசார நிலையத்தைத் தொடங்கியவர். பாட்டனார் கட்டிய கட்டடத்தில் நாட்டின் நூல்கள் சேர்ந்தன. பேரன் தொடங்கிய நிலையம் அஸீஸின் நூலுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பில் ஆரம்பமாயிற்று. 1942இல் அதுவே இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. சுவாமி விபுலாநந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் தமிழ் படிக்கப் போனது இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பு அவருடைய முதுகலை ஆய்வின் பொருள். சீறாப்புராணத்தின் பெயரைத் தாண்டி அதிகம் அறியப்படாத ஒரு துறைக்கு அவர் நூற்பட்டியல் தேட வேண்டியிருந்தது. அந்த ஆய்வை 1953இல் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் ஆங்கிலத்தில் நூலாக்கியது. கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்து மன்றம் செய்த வேலை அது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கியபோது அதில் அமர்ந்தவரும் உவைஸ்தான். பல்கலைக்கழக நூலகத்தில் தட்டச்சில் கிடந்திருக்க வேண்டிய ஓர் ஆய்வேடு அச்சேறியதால் ஒரு துறையே பிறந்தது என்பது என் கருத்து.

1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு ஏறியது. கலைப்பீடத்தோடு அதன் நூல்களும் மலையேறின. சட்டப்படி பிரதி பெறும் உரிமையும் பேராதனை நூலகத்துக்குக் கிடைத்தது. 1960களில் கொழும்பில் மீண்டும் கலைப் பாடங்கள் தொடங்கி, 1967இல் கொழும்பு தனிப் பல்கலைக்கழகமானபோது, நூலகத்தையும் பெரும்பாலும் புதிதாகவே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இடையிலே விழுந்த இந்த இடைவெளியை இன்றைய மாணவர்கள் அறிவதில்லை. பழைய தமிழ் நூலொன்று கொழும்பில் இல்லையென்றால் நூலகரைக் குறை சொல்லி வந்துவிடுகிறார்கள். அது கண்டி ரயிலில் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டிய நூலாக இருக்கலாம்.

கொழும்பு நூலகத்துக்கென்று ஒரு பலம் உண்டு. இலங்கை பற்றிய நூல்களைத் தனியாகச் சேர்த்து வைத்த தொகுப்பு ஒன்று. ஆய்வேடுகள் மற்றொன்று. அச்சிட்ட நூலை வேறெங்காவது பெறலாம். ஆய்வேடு பெரும்பாலும் எழுதப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். இப்போது இவற்றில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்திலும் இருக்கிறது. ஒரு பொருளில் ஆய்வு தொடங்குவதற்கு முன் அதே பொருளில் ஏற்கெனவே சமர்ப்பித்த ஆய்வேட்டின் உசாத்துணைப் பக்கங்களை மட்டும் பிரதியெடுத்தாலே ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

தேடுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். நமது பெயர்கள் பட்டியலில் படும் பாடு சொல்லி முடியாது. லெப்பை, லெவ்வை, லெப்பே எல்லாம் ஒருவரே. மரிக்கார் என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். உவைஸை மூன்று எழுத்துக்கூட்டலிலாவது தேட வேண்டும். அரபுத் தமிழ்க் கிதாபுகளின் நிலை இன்னும் சிக்கல். அரபு எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கென மேலதிக எழுத்துகளைச் சேர்த்து எழுதப்பட்டவை அவை. எழுத்தைப் பார்க்கிறவர் அரபு அலமாரியில் வைப்பார்; வாசித்துப் பார்க்கிறவர் தமிழ் அலமாரியில் வைப்பார். மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'ஃபத்ஹுத் தையான்' நமது பாட்டிமார் ஓதிப் படித்த நூல். அதைப் பட்டியலில் தேடுகிற பேரப்பிள்ளை இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பல்கலைக்கழகம், தேசிய சுவடிகள் கூடம், நூதனசாலை நூலகம், 1925இல் தொடங்கிய கொழும்புப் பொது நூலகம் ஆகிய நான்கும் கறுவாத் தோட்டத்தைச் சுற்றி நடைதூரத்தில் இருக்கின்றன. பழைய பத்திரிகைகளுக்கும் ஒல்லாந்தர் கால ஆவணங்களுக்கும் சுவடிகள் கூடம். வெள்ளவத்தையிலே 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். இப்படி ஒரு நகரத்துக்குள் இத்தனை கதவுகள் திறந்திருப்பது சின்ன விஷயமல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளுக்குள் புத்தக அலமாரிகளும் இருந்தன.

அந்த நெருப்பின் ஞாபகத்தில்தான் 2005இல் தன்னார்வ இளைஞர்கள் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் அவற்றில் அடங்கும். பிரித்தானியாவிலிருந்து நூலகவியலாளர் என். செல்வராஜா தொகுத்து வரும் 'நூல்தேட்டம்' 2002இல் முதல் தொகுதி கண்டது. தொகுதிக்கு ஆயிரம் நூல். நமது மலாய்ச் சகோதரர்கள் இதில் ஒரு படி முந்திவிட்டார்கள். குடும்பங்களிலிருந்த கையெழுத்துப் பிரதிகள் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணத் திட்டத்தில் படம்பிடிக்கப்பட்டன. மூலப்பிரதி அந்தந்த வீட்டிலேயே இருக்கிறது. படத்தை உலகம் பார்க்கிறது. ஆனால் 2023 ஒக்டோபரில் கணினித் திருடர்கள் பிரித்தானிய நூலகத்தைத் தாக்கியபோது அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. கணினியில் ஏற்றிவிட்டோம் என்று கடதாசியை வீசிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் பலர் ஐந்நூறு பிரதி அச்சிடுகிறோம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கப் புரவலர் இருக்கிறார், சிறப்புப் பிரதி வாங்க வரிசை நிற்கிறது, பொன்னாடை இருக்கிறது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. அச்சகத்தார் அனுப்புவார் என்று நாமும், எழுத்தாளர் கொடுப்பார் என்று அச்சகத்தாரும் இருந்துவிடுகிறோம். பல்கலைக்கழக நூலகத்துக்கு அன்பளிப்பாக ஒரு பிரதி கொடுக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை. நின்றுபோன நமது சிறு சஞ்சிகைகளின் முழு வரிசை எந்த நூலகத்தில் இருக்கிறது என்று கேட்டு வருகிற மாணவனை, அவற்றின் பழைய ஆசிரியரின் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே போனால், வீடு திருத்தியபோது எடுத்து வைத்ததாகவும் மேல்மாடியில் பார்க்க வேண்டும் என்றும் சொல்வார்கள்.