செயற்கைப் புல்தரையும் இந்திய ஹாக்கியும்

நைலான், பாலிஎத்திலீன் போன்ற இழைகளை விரிப்பில் கோத்து மைதானத்திலோ வீட்டு மொட்டைமாடியிலோ பரப்பும் தரையே செயற்கைப் புல்தரை. அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம் தயாரித்த 'கெம்கிராஸ்' 1964-இல் ரோட் ஐலண்டின் மோசஸ் பிரவுன் பள்ளியில் விரிக்கப்பட்டது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆடுகளம் வேண்டும் என்பதே நோக்கம். அதற்குப் புகழ் தேடித் தந்தது ஒரு கோளாறு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமின் ஒளிபுகும் கூரை ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் அதற்கு வர்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்து உள்ளே இருந்த புல் பட்டுப்போனது. 1966-இல் அங்கே விரித்த கெம்கிராஸுக்கு அரங்கின் பெயரே ஒட்டிக்கொண்டு 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' ஆயிற்று.

நம்மூரில் இந்தத் தரையைப் பற்றி நிலைத்துவிட்ட கருத்து, அது இந்திய ஹாக்கியைக் கொன்றது என்பதுதான். 1975-இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பை வென்ற இந்தியா, செயற்கைத் தரையில் நடந்த 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்குப் போனது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1968, 1972 ஒலிம்பிக்குகள் புல்தரையில்தான் நடந்தன. இரண்டிலும் இந்தியாவுக்குக் கிடைத்தது வெண்கலமே. சரிவு டர்ஃபுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னைக்காரரான வி. பாஸ்கரன் தலைமையில் 1980-இல் மாஸ்கோவில் வென்ற தங்கம் செயற்கைத் தரையில் வந்தது. பல வலுவான அணிகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன என்பார்கள். சரி, அதைத் தள்ளிவிடலாம். ஏறக்குறைய இந்தியாவைப் போலவே மட்டை வித்தையை நம்பிய பாகிஸ்தான் 1984 ஒலிம்பிக் தங்கத்தையும் 1994 உலகக் கோப்பையையும் இந்தத் தரையில்தானே வென்றது?

அதற்காகத் தரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. சமதளத்தில் பந்து துள்ளாமல் வேகமாக ஓடும். அதைத் தடுத்து நிறுத்துவதும் எளிது. மேடுபள்ளமான தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்து ஏமாற்றும் திறமையைவிட, நீண்ட பாஸும் ஓட்ட வலிமையும் பலன் தந்தன. இதைக் கற்றுக்கொள்ளலாம்தான், கற்க ஒரு தரை இருந்தால். பணக்கார நாடுகள் ஊருக்கு ஊர் விரித்தபோது நம் பிள்ளைகள் மண்ணில் பழகி, பெரிய போட்டிகளில் டர்ஃபைச் சந்தித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடும் கோவில்பட்டிக்கே செயற்கைத் தரை 2010-களில்தான் வந்தது. குற்றவாளி இழை அல்ல, அதன் பங்கீடு. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் இந்தியா 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் வெண்கலம் பெற்றதும் தரை பரவலான பின்புதான்.

ஹாக்கிக்கு வெளியே, மணலும் ரப்பர் துகளும் தூவிய நீள இழைத் தரை 1990-களில் கால்பந்துக்கு வந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' பெரும்பாலும் இந்த வகை. தண்ணீர் மிச்சம் என்பது இதன் விளம்பர வாசகம். வீட்டுப் புல்வெளிக்கு அது பொருந்தும். ஆனால் வெயிலில் இயற்கைப் புல்லைவிட இது மிக அதிகமாகச் சுடும், சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு மிதிக்க முடியாது. ரப்பர் துகள் நுண்நெகிழியாக மண்ணில் கலப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதித்த தடை 2031-இல் இத்துகளுக்கு நடைமுறைக்கு வருகிறது. உயர்மட்ட ஹாக்கித் தரையிலோ ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சியே ஆக வேண்டும்; 2019-இல் குடிநீருக்கு லாரி பார்த்து நின்ற சென்னைக்கு இது சின்ன விஷயமல்ல. தண்ணீர் தேவைப்படாத தரைக்கு மாற சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு முயல்கிறது. அப்படி மாறினால் பழைய தரைகளில் பழகும் நாடுகள் மறுபடியும் ஒரு தலைமுறை பின்தங்கக்கூடும்.