கண்ணாடி எழுந்து தாழும் ஓசை

எங்கள் ஊரில் அந்த ஓசை ஓய்ந்துவிட்டது. கல்யாணப் பந்தலில், காதுகுத்தில், கூத்துக் களரியில், மலையடிக் குடைவரையின் வாசலில் எத்தனையோ வருடம் கேட்ட ஓசை. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி எழும். திரை திறந்து மூடும். கண்ணாடி பழையபடி தாழும். மூன்றும் சேர்ந்து ‘ச்சளக்’ என்று ஒரே சத்தமாகக் காதில் விழும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவின் குரல் அது. ஸ்டுடியோவுக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் சொந்தமாக இருந்த ஒரு கருவியை எங்கள் தளவானூர் மாதிரி ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கேமரா. அதனிடம் பாடம் படித்தவன் என்ற முறையில் இந்த இரங்கலை எழுதுகிறேன்.

தேதி குறித்துச் சொல்லக்கூடிய சாவு இல்லை இது. 2018-ல் நிக்கான் டி3500 வந்தது. கேனன் 1500டி, 3000டி இரண்டும் அதே ஆண்டு வந்தன. அந்த வரிசைகளில் அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. அதே 2018-ல்தான் நிக்கான் தன் இசட் வரிசையையும் கேனன் தன் ஆர் வரிசையையும் இறக்கின. இரண்டிலும் உள்ளே கண்ணாடி கிடையாது. கடை அலமாரியில் பழைய வகைப் பெட்டி ஒன்றிரண்டு இன்னும் இருக்கலாம். வம்சம் நின்றுவிட்டது.

வம்சம் பெரியது. ஒற்றை லென்ஸ் வழியாகவே பார்த்து அதே லென்ஸ் வழியாகவே படம் எடுக்கும் எஸ்எல்ஆர் முறை ஃபிலிம் காலத்திலிருந்தே வருவது. லென்ஸ் வழியாக நுழையும் ஒளியை 45 டிகிரி சாய்ந்த ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். மேலே இருக்கும் ஐம்பட்டைக் கூண்டு அதை நம் கண்ணுக்குக் கொண்டுவரும். வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது எதிரே இருக்கும் பொருளிலிருந்து புறப்பட்ட அதே வெளிச்சம். இந்தக் குடும்பத்தில் டிஜிட்டல் பிள்ளை பிறந்தது 1991-ல். கோடாக் கம்பெனி, நிக்கான் எஃப்3 கேமராவின் உடம்பில் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சென்சாரைப் பொருத்தியது. படங்களைச் சேமிக்கத் தனிப்பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். விலை 20,000 டாலரை எட்டியது. 2003 ஆகஸ்டில் கேனன் 300டி வந்தபோதுதான் விலை 1,000 டாலருக்குக் கீழே இறங்கியது. 2006 கடைசியில் நிக்கான் டி40 வந்தது. இரண்டிலும் 60 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். ஆனால் அன்று முதல், சம்பளக்காரர் ஒருவர் சீட்டு கட்டியாவது வாங்கலாம் என்ற நிலை வந்தது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது மல்லாட்டைப் பணத்தில், அதாவது நிலக்கடலை விற்ற காசில். அந்தப் போகம் நன்றாகக் காய் பிடித்தது. மார்க்கெட் கமிட்டியில் மூட்டை போட்டுவிட்டு வந்த அப்பா, பணத்தில் ஒரு கட்டைப் பிரித்து என் கையில் கொடுத்தார். மறுநாளே பஸ் ஏறிப் புதுச்சேரி போய் கேனன் 1100டி வாங்கினேன். 2011-ல் வெளிவந்த மாடல். 1 கோடியே 22 லட்சம் புள்ளிகள். கூடவே 18-55 கிட் லென்ஸ். பாடி அரைக் கிலோ கனம். வலது கைப்பிடிக்குள் விரல்கள் நான்கும் உட்கார்ந்ததும், உழவு மாட்டின் கயிற்றைப் பிடித்த மாதிரி ஒரு உறுதி வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை போன் கைமாறிவிட்டது; அந்தப் பிடி வேறு எதிலும் வரவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு முதலில் போனது எங்கள் ஊர்க் குடைவரைக்கு. செஞ்சி–விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே விலகிய ஊர் இது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து சிவனுக்கு எடுத்த கோயில் மலையடியில் இருக்கிறது. சத்துருமல்லன் என்ற தன் பட்டப் பெயரில் அதற்குச் சத்துருமல்லேசுவரம் என்று பெயரிட்டான். முகப்பில் மகரங்களின் வாயிலிருந்து வளைந்து வரும் தோரணம் இதன் தனிச்சிறப்பு. கட்டுமானமாக எதையும் அடுக்காமல், வேண்டாத கல்லை எடுத்து எடுத்தே உண்டாக்கிய வேலை. அந்த அரசனுக்குச் சித்திரகாரப்புலி என்றும் ஒரு பட்டம் உண்டு. ஓவியத்தில் புலியானவன் குடைந்த இடத்தில் ஒளியைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு வாய்த்தது.

முதல் நாள் எடுத்த படங்கள் எதுவும் தேறவில்லை. குடைவரை தெற்குப் பார்த்தது. நான் போனது வைகாசி மாதம். அந்தப் பருவத்தில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு மேலாகக் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போகிறது. தெற்கு முகப்புக்குள் வெயில் நுழையாது. வெளியே பாறை கண்ணைக் கூசவைக்கிறது, தூண்களுக்குப் பின்னால் கும்மிருட்டு. கேமராவைப் பச்சைக் குறியில், அதாவது முழு ஆட்டோவில் வைத்துச் சுட்டேன். ஒரு படத்தில் வாசற்படி வெளுத்துச் சுண்ணாம்பானது. அடுத்த படத்தில் மண்டபம் கரியானது. நடுவில் ஃபிளாஷ் தானாக எழுந்து வெட்டி, ஆயிரத்து நானூறு வருடத்துச் சிற்பத்தைப் பாஸ்போர்ட் படம் மாதிரி தட்டையாக்கியது.

தப்பு எங்கே என்று அந்தக் கேமராவே சொன்னது. ஒவ்வொரு படத்தோடும் திரை எவ்வளவு நேரம் திறந்தது, துளை எவ்வளவு விரிந்தது, சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தது. ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொரு தப்புக்கும் காசு போகும். கழுவி வருவதற்குள் என்ன செய்தோம் என்பதே மறந்துவிடும். இங்கே தப்புக்குக் காசில்லை. காரணமும் கையோடு கிடைத்தது. முக்கியமாக, நான் செய்த தப்பை அது மறைக்கவில்லை. இருட்டாக எடுத்தால் இருட்டாகவே காட்டியது.

மார்கழியில் மறுபடி போனேன். இப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருந்தது. உச்சிப்பொழுதில் வெயில் தூணடியைத் தாண்டி உள்ளே விழுந்து, தரையில் பட்டு, விதானம் வரைக்கும் மெல்லிய பொன்னிறமாக எழும்பியது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வேண்டும். என்னிடம் முக்காலியும் கிடையாது. தோள்துண்டை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் கேமராவை உட்காரவைத்தேன். வட்டத் திருகை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பினேன். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்8, நேரம் 4 விநாடி. கை பட்டு ஆடாமல் இருக்க டைமர். குப்புறப் படுத்துக் கண்ணை வைத்திருந்தேன். கண்ணாடி எழுந்தது, வியூஃபைண்டர் இருண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கண்ணாடி தாழ்ந்தது. பின்பக்கத் திரையில் வந்த படத்தில் தூணின் சதுரமும் எண்பட்டையும் சந்திக்கும் விளிம்பு, வாயிற்காவலரின் தோள், உளி பட்ட தழும்பு எல்லாம் தனித்தனியாக எழுந்து நின்றன. நான்கே தெருத் தள்ளி வளர்ந்தவன் நான். அந்தத் தழும்புகளை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. “தம்பி, உங்கிட்ட பெரிய கேமரா இருக்காமே?” என்று மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் காதுகுத்துக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு ஆயா ஒருநாள் காலையில் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றது.

“எனக்கு ஒரு படம் புடிச்சிக் குடு சாமி. நான் போனப்புறம் மாட்டறதுக்கு.”

“என்ன ஆயா இப்படிப் பேசுற?”

“பின்ன? எங்க வூட்டுக்காரருக்கு ஒரு நல்ல படம் இல்லாமதான் ரேஷன் கார்டுல இருந்ததப் பெருசு பண்ணி மாட்டியிருக்கு. அவரு மாதிரியே இல்ல.”

என்னிடம் அப்போது 50 எம்எம் லென்ஸ் ஒன்று இருந்தது. 1990 முதல் கேனன் விற்றுவந்த மாடல், 130 கிராம்தான் கனம், உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். ஆனால் துளை எஃப்1.8 வரைக்கும் விரியும். ஆரம்பநிலை கேமராவின் சின்னச் சென்சாரில் அது 80 எம்எம் போல நெருங்கிப் பார்க்கும். முகம் எடுக்க வாகான தூரம். ஆயாவைத் திண்ணையில், வெயிலுக்கு முதுகு காட்டாமல், வாசல் வெளிச்சம் ஒரு பக்கம் விழும்படி உட்காரவைத்தேன். கண்ணில் ஃபோகஸ் நிறுத்தினேன். பின்னால் இருந்த ஓலைத் தட்டி கரைந்து பச்சையும் பழுப்புமாக ஆனது. சத்தம் கேட்டதும் ஆயா கேட்டது, “எடுத்துட்டியா?” அந்தக் கேள்விக்கு முந்தைய நொடியில் இருந்த முகம்தான் படத்தில் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து அந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்து, “பேசற மாதிரியே இருக்குது” என்று அழுதார்கள். நான் செய்த வேலைகளில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

அந்தக் கேமராவால் ஆகாததும் உண்டு. செஞ்சிப் பக்கம் பாரதக் கூத்தின் சீமை. மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை இந்த வழிபாட்டின் மூலத் தலமாகச் சொல்வார்கள். விடிய விடியக் கூத்து. துரியோதனன் வேடக்காரர் கிரீடமும் புஜக்கீர்த்தியும் மின்ன, பாவாடை விரியச் சுழன்று வருவார். கிட் லென்ஸின் துளை அந்த வெளிச்சத்துக்குப் போதாது. ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றினால் முகத்தில் மணல் தூவினது மாதிரிப் புள்ளிகள். இறக்கினால் ஆள் புகையாகிவிடுவார். கடைசியில் ஆட்டத்தையே மனப்பாடம் செய்தேன். சுழற்சி முடிந்து அடவு வைத்துக் கால் ஊன்றி நிற்கும் ஒரு கணம் இருக்கிறது. மிருதங்கம் முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தத் தாளத்துக்குக் காத்திருந்து அழுத்தப் பழகினேன். கருவி வலுவாக இருந்திருந்தால் கூத்தைக் காதால் கேட்கக் கற்றிருக்க மாட்டேன்.

தமிழ்நாடு முழுக்க அப்போது இதுதான் நடந்தது. இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் தோளில் கறுப்புப் பையோடு கோயில் கோயிலாகப் போனார்கள். எத்தனையோ கல்வெட்டும் சிற்பமும் அவர்கள் கேமரா வழியாகத்தான் முதல்முறையாக ஊரார் கண்ணில் பட்டன. அந்தப் பக்கம் இதே கேமராக்களில் வீடியோவும் வந்துவிட, குறும்படம் எடுக்கக் கிளம்பிய கூட்டம் ‘நாளைய இயக்குநர்’ டிவி நிகழ்ச்சி வழியாக சினிமாவுக்கே போய்ச் சேர்ந்தது. கூவாகம் திருவிழாவில் திருநங்கையரின் முகத்துக்கு நேரே அனுமதி கேட்காமல் லென்ஸை நீட்டிய கூட்டமும் நாங்கள்தான். அந்தக் குற்றத்தையும் இந்த இரங்கலில் சொல்லியாக வேண்டும். பார்க்கக் கற்ற அளவுக்குக் கேட்டுவிட்டு எடுக்க எல்லோரும் கற்கவில்லை.

பிறகு இறங்குமுகம். ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2012-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட எஸ்எல்ஆர் கேமராக்கள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். 2020-ல் கண்ணாடி இல்லாதவை எண்ணிக்கையில் முந்தின. 2023-ல் எஸ்எல்ஆர் சுமார் 12 லட்சம்தான். மொபைல்போன்தான் பெரிய காரணம். அதை நான் குறை சொல்லமாட்டேன். இன்றைய போன் நொடிக்குள் பல படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து, என்னால் வைகாசியில் முடியாததைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த கையோடு முடித்துவிடுகிறது. வாசலும் தெரிகிறது, இருட்டும் தெரிகிறது. கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்களோ தரத்தில் எங்கேயோ போய்விட்டன. விலையும் கூடவே போய்விட்டது. மல்லாட்டைப் பணத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிய விலை இப்போது இல்லை.

எனக்குத் துக்கம் இங்கேதான். போன் வைத்திருக்கும் எங்கள் தெருப் பையன் குடைவரையை அழகாக எடுக்கிறான். மார்கழி வெயில் உள்ளே வரும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்குக் காரணமும் இல்லை. இருட்டாக ஒரு படம் வந்து அவனை மறுபடி அந்த மலையடிக்கு அனுப்புவதில்லை. கெட்ட படங்களின் வழியாக ஒருவனைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போன மலிவான கருவி ஒன்று இருந்தது. அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை.

என் 1100டி இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் பையோடு மறந்துவிட்டதில் கிட் லென்ஸில் ஃபங்கஸ் படர்ந்துவிட்டது. அது என் கவனக்குறைவு. பாடியை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். போன தை மாதம் அதை எடுத்துச் சார்ஜ் போட்டு, அந்தத் தெருப் பையனையும் கூட்டிக்கொண்டு குடைவரைக்குப் போனேன். துண்டை மடித்துப் போட்டு, 50 எம்எம்மை மாட்டி, அவனைப் படுத்துப் பார்க்கச் சொன்னேன்.

“அண்ணா, அழுத்தினதும் ஒன்னுமே தெரியல. இருட்டாயிடுச்சு.”

“எண்ணு,” என்றேன்.

அந்தக் கேமராவில் படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி எழுந்தால்தான் ஒளி சென்சாருக்குப் போகும். எழுந்துவிட்டால் நம் கண்ணுக்கு எதுவும் வராது. படமாகிற அந்த நொடியை எடுக்கிறவன் பார்க்கவே முடியாது. ஆயாவின் முகத்தையும் நான் அந்த நொடியில் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் எவ்வளவு பார்த்திருந்தேனோ, அதுதான் படத்தில் விழுந்தது.

பையன் வாய்க்குள் எண்ணினான். நான்கில் கண்ணாடி தாழ்ந்தது. பாறை அந்த ஓசையை ஒருமுறை திருப்பிச் சொன்னது.