வலைத்தரவுத் திரட்டலில் சிஎஸ்எஸ் செலக்டர்

சிஎஸ்எஸ் செலக்டர் என்பது, ஒரு வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல் கட்டமைப்பில் எந்தெந்த உறுப்புகள் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் குறியீட்டு வரி. பக்கத்துக்கு நிறம், எழுத்துரு, இடைவெளி முதலிய அலங்காரங்களைச் செய்வதற்காக உருவான இம்முறை, பக்கத்திலிருந்து தலைப்பு, விலை, தேதி, இணைப்பு போன்ற தரவுகளை நிரல் வழியே பிரித்தெடுக்கும் ஸ்கிரேப்பிங் வேலையிலும் பரவலாகப் பயன்படுகிறது. தளத்தின் வடிவமைப்பு மாறினால் ஸ்கிரேப்பர் நிரலில் முதலில் அடிபடுவது செலக்டர்தான். அதனால் அதை எழுதும் விதத்தைப் பொறுத்தே நிரலின் ஆயுளும் அமைகிறது.

வரலாறு

நார்வே நாட்டவரான ஹோகுன் வியூம் லீ, செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1994 அக்டோபரில் சிஎஸ்எஸ் முன்மொழிவை வெளியிட்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்து அதை வளர்த்தார். வேர்ல்ட் வைட் வெப் கன்சார்டியம் 1996 டிசம்பரில் முதல் பதிப்பைப் பரிந்துரையாக ஏற்றது. அதில் டேக், கிளாஸ், ஐடி ஆகியவற்றைக் கொண்டு தேடும் வசதியும், ஓர் உறுப்புக்குள் இருக்கும் இன்னோர் உறுப்பைச் சுட்டும் வசதியும் இருந்தன. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு நேரடிச் சேய், அடுத்த உடன்பிறப்பு, பண்பு ஆகியவற்றுக்கான குறிகளைச் சேர்த்தது. 2011-இல் பரிந்துரையான செலக்டர்ஸ் மூன்றாம் நிலை, பண்பு மதிப்பின் தொடக்கம், முடிவு, இடைப்பகுதி ஆகியவற்றைக் கொண்டு தேட வழிசெய்தது.

2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி நூலகம், நிரலுக்குள் உறுப்புகளைத் தேட செலக்டரையே எழுதும் பழக்கத்தை வலை நிரலாளர்களிடம் பரப்பியது. பின்னர் உலாவிகளே ‘குவெரி செலக்டர்’ என்னும் கட்டளையை உள்ளடக்கின. ஸ்கிரேப்பிங் நூலகங்களும் இதே இலக்கணத்தை ஏற்றுக்கொண்டன.

அடிப்படைக் குறிகள்

சிஎஸ்எஸ் விதிப்படி கிளாஸ், ஐடி பெயர்களில் தமிழ் எழுத்துகளும் செல்லும். ஒரு புத்தகக் கடைப் பக்கத்தில் ஒவ்வொரு நூலும் ‘புத்தகம்’ என்ற கிளாஸுக்குள்ளும், அதன் விவரங்கள் ‘தலைப்பு’, ‘விலை’ என்ற கிளாஸ்களிலும் இருப்பதாகக் கொண்டால்:

.விலை — ‘விலை’ கிளாஸ் உள்ள எல்லா உறுப்புகளும்
#பட்டியல் — ‘பட்டியல்’ என்ற ஐடி உள்ள உறுப்பு
.புத்தகம் .விலை — புத்தகத்துக்குள் எந்த ஆழத்தில் இருந்தாலும் விலை
.புத்தகம் > .விலை — புத்தகத்தின் நேரடிச் சேயாக உள்ள விலை மட்டும்
.தலைப்பு + .விலை — தலைப்பை ஒட்டி அடுத்து வரும் விலை
.தலைப்பு ~ .விலை — அதே தாய் உறுப்புக்குள் தலைப்புக்குப் பின் வரும் விலைகள்
[மொழி="தமிழ்"] — ‘மொழி’ என்ற பண்பின் மதிப்பு ‘தமிழ்’ என உள்ளவை

பண்பு மதிப்பில் ^= தொடக்கத்தையும், $= முடிவையும், *= இடையில் எங்கேனும் வருவதையும் குறிக்கும். ஒரு பக்கத்திலுள்ள பிடிஎஃப் கோப்புகளின் இணைப்புகளை மட்டும் எடுக்க $= போதும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இடைவெளியில்தான். ‘.விலை.தள்ளுபடி’ என்று சேர்த்து எழுதினால் இரண்டு கிளாஸும் ஒரே உறுப்பில் இருக்க வேண்டும். ‘.விலை .தள்ளுபடி’ என்று இடம் விட்டால் விலைக்குள்ளே இருக்கும் தள்ளுபடி என்று பொருள். அதேபோல் ‘.விலை’ என்பது பல கிளாஸ்களில் ஒன்றாக அப்பெயர் இருந்தாலே பொருந்தும்; பண்புக் குறியில் கிளாஸின் மதிப்பை = போட்டு எழுதினால் முழு மதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

வரிசை எண்ணைக் கொண்டு தேடும் ‘என்த் சைல்ட்’ குறி 1-இலிருந்து எண்ணுகிறது. அது ஒரே வகை உறுப்புகளை மட்டும் எண்ணுவதில்லை. தாய் உறுப்பின் எல்லாச் சேய்களையும் எண்ணுகிறது. நடுவில் ஒரு விளம்பரப் பெட்டி நுழைந்தாலே எண் தவறிவிடும்.

கருவிகள்

பைத்தானில் பியூட்டிஃபுல் சூப் நூலகத்தின் ‘செலக்ட்’ கட்டளை பொருந்தும் எல்லா உறுப்புகளையும் பட்டியலாகத் தருகிறது. ‘செலக்ட் ஒன்’ முதல் உறுப்பை மட்டும் தருகிறது. ஸ்கிரேப்பி என்னும் பைத்தான் கருவி, செலக்டரை எக்ஸ்பாத் என்ற வேறொரு தேடல் மொழிக்கு மாற்றியே தேடுகிறது. உரையையும் பண்பு மதிப்பையும் நேரடியாக எடுக்க ஸ்கிரேப்பி சேர்த்துள்ள இரட்டைப் புள்ளிக் குறிகள் அதன் சொந்தக் கூடுதல். உலாவியில் அவை செல்லாது. ரூபியில் நோகோகிரி, ஜாவாவில் ஜேசூப், நோட் சூழலில் சீரியோ ஆகியவை இதே வேலைக்குப் பயன்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

‘புக்ஸ் டு ஸ்கிரேப்’ என்பது பயிற்சிக்கென்றே அமைக்கப்பட்ட கற்பனைப் புத்தகக் கடைத் தளம். பக்கத்துக்கு 20 வீதம் 50 பக்கங்களில் 1,000 நூல்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு நூலும் ‘புராடக்ட்_பாட்’ என்ற கிளாஸ் கொண்ட பெட்டிக்குள் இருக்கிறது. விலை ‘பிரைஸ்_கலர்’ என்ற கிளாஸில் இருக்கிறது.

பக்கம் முழுவதும் தலைப்புகளைத் தனியாகவும் விலைகளைத் தனியாகவும் எடுத்து, பிறகு இரண்டு பட்டியலையும் இணைப்பது ஆபத்து. ஒரு நூலுக்கு விலை விடுபட்டால், அதற்குப் பின்வரும் எல்லா விலைகளும் ஒரு படி நகர்ந்து வேறு நூல்களோடு சேர்ந்துவிடும். முதலில் பெட்டிகளை எடுத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலைப்பையும் விலையையும் தேடுவதே பாதுகாப்பு.

இத்தளம் இன்னும் இரண்டைக் கற்றுத் தருகிறது. நீளமான தலைப்புகள் திரையில் பாதியில் வெட்டப்பட்டு மூன்று புள்ளிகளுடன் நிற்கின்றன. முழுத் தலைப்பு இணைப்பின் ‘டைட்டில்’ பண்பில் இருக்கிறது. நட்சத்திர மதிப்பீடு உரையாகவே இல்லை. ‘ஸ்டார்-ரேட்டிங்’ என்ற கிளாஸுக்குப் பக்கத்தில் ‘த்ரீ’, ‘ஃபோர்’ என்று இன்னொரு கிளாஸ் பெயராக அது ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் உரையை மட்டும் எடுப்பவருக்கு இரண்டும் தப்பிவிடும்.

எக்ஸ்பாத்துடன் ஒப்பீடு

1999-இல் பரிந்துரையான எக்ஸ்பாத், சிஎஸ்எஸ் செலக்டருக்கு மாற்று வழி. உறுப்பின் உரையை வைத்துத் தேடுவதும், சேயிலிருந்து தாய்க்கு ஏறுவதும் அதில் இயல்பாகவே முடியும். சிஎஸ்எஸ்ஸின் பொது விதியில் உரையைக் கொண்டு தேடும் குறி கிடையாது; சில நூலகங்கள் அதைத் தாமாகவே சேர்த்துள்ளன. தாயைத் தேர்ந்தெடுக்கும் குறையை ‘ஹேஸ்’ குறி தீர்த்தது. அது 2022-இல் சஃபாரி, குரோம் உலாவிகளிலும் 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. கிளாஸைக் கொண்டு தேட சிஎஸ்எஸ் சுருக்கமானது, படிக்க எளிது. உரையைக் கொண்டு தேட எக்ஸ்பாத்தே வசதி.

பொருந்தாமல் போகும் காரணங்கள்

உலாவியின் டெவலப்பர் கருவியில் செலக்டரை அப்படியே நகலெடுப்பது பலரின் வழக்கம். அது பெரும்பாலும் வரிசை எண்களை அடுக்கிய, எளிதில் முறியும் நீண்ட பாதையைத் தருகிறது. அட்டவணைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: மூல எச்டிஎம்எல்லில் ‘டிபாடி’ என்ற உறுப்பு இல்லாவிட்டாலும் உலாவி அதைத் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. நகலெடுத்த பாதையில் டிபாடி இருக்கும், நிரல் இறக்கிய பக்கத்தில் இருக்காது. எனவே ஒன்றும் சிக்காது.

பக்கம் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் நிரப்பும் தரவு, மூல எச்டிஎம்எல்லில் இல்லாததால் செலக்டருக்கு அகப்படாது. அத்தகைய பக்கங்களுக்கு செலினியம், பிளேரைட் போன்ற உலாவி இயக்கிகள் தேவை. ஐஃபிரேமுக்குள் இருப்பது தனி ஆவணம் என்பதால் அதற்குள் தனியாக நுழைந்தே தேட வேண்டும். சில கட்டமைப்புக் கருவிகள் கிளாஸ் பெயர்களைப் பொருளற்ற எழுத்துக் கோவைகளாக உருவாக்குகின்றன. தளம் புதுப்பிக்கப்படும்போது அவை மாறக்கூடும்.

தமிழ் மதிப்புகளைத் தேடும்போது யூனிகோடு வேறுபாடும் குறுக்கிடும். ‘கொ’ என்ற எழுத்தை ஒகரக் குறியாகவும், எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்ததாகவும் குறியேற்றலாம். திரையில் இரண்டும் ஒன்றே. செலக்டர் குறியெண்களை ஒப்பிடுவதால் அதற்கு இவை வேறுவேறு.

நடைமுறை

பொருளைச் சொல்லும் கிளாஸ், ஐடி அல்லது பண்பைப் பற்றிக்கொள்ளும் சிறிய செலக்டரே நீடிக்கும். இடத்தை எண்ணிச் சொல்லும் நீண்ட பாதை சீக்கிரம் முறியும். எழுதியதை உலாவியின் கன்சோலிலும், நிரல் இறக்கிய மூலப் பக்கத்திலும் சோதிப்பது நல்லது. தானியங்கி நிரல்கள் எங்கே வரலாம் என்பதைத் தளங்கள் ‘ரோபாட்ஸ்’ கோப்பில் அறிவிக்கின்றன. 1994-இல் தொடங்கிய இவ்வழக்கம் 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற ஆவணமாக முறைப்படுத்தப்பட்டது. திரட்டுவதற்கு முன் அதைப் பார்ப்பது முறை.

பொருந்தும் உறுப்பு எதுவும் இல்லையென்றால் ‘செலக்ட்’ பிழை காட்டுவதில்லை, வெற்றுப் பட்டியலைத் தந்துவிட்டு அமைதியாக இருந்துவிடும். எனவே கிடைத்த உறுப்புகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் நிரலே சரிபார்க்கும்படி எழுத வேண்டும்.