பெயர்ப்பலகைகளின் கதை – 14: ஒற்றை வக்கீலும் நாற்பதாயிரம் பங்கும்

சென்ற வாரம் நியூயார்க்கில் பால் க்ரவாத்தோடு நிறுத்தியிருந்தோம். 1899-இல் அவர் சேர்ந்த வக்கீல் அலுவலகம் தன் வயதை 1819-இலிருந்து எண்ணிக்கொள்வது. ரஷ்யாவிடம் அலாஸ்காவை விலைபேசி முடித்த வில்லியம் சூவர்ட் ஒரு காலத்தில் அதன் பங்காளி. அங்கே க்ரவாத் கொண்டுவந்த ஏற்பாடு எளிமையானது. சட்டக் கல்லூரியில் முன்வரிசையில் தேறிய பையன்களை நேராக எடுத்துக்கொள்வது, சம்பளம் கொடுத்து ஒவ்வொரு மூத்தவரிடமாக மாற்றி மாற்றிப் பழக்குவது, தேறினால் பங்காளியாக்குவது, இல்லையென்றால் வழியனுப்பிவைப்பது. கட்சிக்காரர் எந்தத் தனி வக்கீலுக்கும் உரியவரல்லர், அலுவலகத்துக்கு உரியவர். அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள் பலவும் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றி வளர்ந்தன.

க்ரவாத் அங்கே சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு, 1900-இல், ஒட்டப்பிடாரத்திலிருந்து முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு வக்கீல் தூத்துக்குடிக்கு வந்து பெயர்ப்பலகை மாட்டினார். வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவருடைய தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். ஆகவே இரண்டாம் தலைமுறைத் தொழில். அமெரிக்கக் கணக்குப்படி பார்த்தால் ஒரு சட்ட நிறுவனம் முளைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. துறைமுகம், பஞ்சாலை, கொழும்பு வியாபாரம், முத்து, சங்கு, உப்பு எல்லாம் ஒரே ஊரில்.

அந்தக் கரைக்கு வழக்கும் புதிதல்ல. முத்துச் சிப்பி விளையும் பார்கள் யாருடையவை, குளிப்பவருக்கு எவ்வளவு, பரதவர் சாதித் தலைவருக்கு எத்தனை தோணி என்ற பிணக்கு போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியபோதெல்லாம் கூடவே வந்தது. ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி சர்க்காருக்கு, மூச்சடக்கி இறங்கியவர்களுக்கு மீதி ஒரு பங்கு. சர்க்கார் தன் பங்கைக் கரையிலேயே ஏலம் போட்டது.

சங்கு விஷயத்தில் 1904-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அச்சேறியது. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்பது வழக்கின் பெயர். இராமநாதபுரம் ராஜாவுக்குரிய சங்குப் பாரில் பிறர் சங்கு எடுத்துவிட்டார்கள் என்பது புகார். கடலடியில் உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் சங்கு ஒருவர் வசத்திலுள்ள சொத்தாகுமா? கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் நம் நாட்டுச் சட்டம் செல்லுமா? பாக் விரிகுடா பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டதே என்றது நீதிமன்றம். நம் சங்குகுளிப்பவர்களின் வழக்கைச் சர்வதேசக் கடல் சட்ட நூல்கள் பின்னர் மேற்கோள் காட்டத் தொடங்கின.

இத்தனை வழக்கு இருந்தும் தூத்துக்குடியில் வக்கீல் அலுவலகம் என்றால் ஒரு சீனியர், இரண்டொரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான். ஜூனியருக்குச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. சீனியர் கண்ணை மூடினால் கட்டுகள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். இதற்கு நம் ஆட்களின் குணத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

முதலாவது, கடல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். கப்பல் தூத்துக்குடியில் நிற்கும், அதைப் பிடித்துவைக்கும் ஆணைக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். கொழுத்த ஃபீஸும் அதே ரயிலில் போய்விடும். வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கான சொலிசிட்டர் அலுவலகங்கள் சென்னையில் திரண்டது இதனால்தான். 1908-இல் தொடங்கிய கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் அவற்றில் ஒன்று.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. 1882-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிச் சட்டம், லாப நோக்கோடு தொழில் செய்யும் கூட்டில் இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் கம்பெனியாகப் பதிவு செய்தே தீர வேண்டும் என்றது. வக்கீல் தொழிலைக் கம்பெனியாக நடத்த முடியாது. ஆக இருபது பங்காளியோடு கதவு அடைபட்டது.

அதே சட்டம் கப்பல் தொழிலுக்கு எத்தனை பேரையும் திரட்டிக்கொள் என்றது. வ.உ.சி. அந்தக் கதவைத் திறந்தார். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. ஆசியர் யாரும் வாங்கலாம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவியின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கம்பெனியே அவர்தான். 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டம் அவருக்குள் இருந்த சட்டக்காரரை மறைத்துவிட்டது என்பது என் நெடுநாள் குறை. பங்கு விலையை 25 ரூபாயாக வைத்ததில் இருக்கிறது அவருடைய சாமர்த்தியம். ஜமீன்தாரும் கடைக்காரரும் ஒரே பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள முடிந்தது.

காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் 1907-இல் வந்தன. போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்த கதையும், இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்த கதையும் வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஏஜெண்டுகள் ஏ அண்ட் எஃப் ஹார்வி. கோரல் மில்லும் அவர்களுடையதுதான். 1908 பிப்ரவரி 27 அன்று அந்த மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தொழிலாளர் பக்கம் நின்றார் வ.உ.சி. மார்ச் 12 அன்று கைதானார். ஜூலை 7 அன்று செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். ராஜ துரோகத்துக்கு ஓர் ஆயுள், தோழர் சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள், ஒன்று முடிந்து மற்றொன்று, ஆக 40 ஆண்டு நாடு கடத்தல். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

இங்கே க்ரவாத்தின் ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்தில் ஒரு பங்காளி சிறைக்குப் போயிருந்தால் மறுநாள் அவர் கட்டுகளை அடுத்த அறைக்காரர் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருப்பார். வ.உ.சி.யின் சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, பறித்ததோடு அவர் அலுவலகம் அடியோடு இல்லாமல் போனது. கப்பல் கம்பெனிக்குத் தலைவரும் இயக்குநர்களும் ஆயிரக்கணக்கான பங்குகளும் இருந்தும் அதுவும் அவர் இல்லாமல் நிற்கவில்லை. 1911-இல் மூடினார்கள். காகிதத்தில் அது கூட்டு நிறுவனம், நடைமுறையில் ஒற்றை வக்கீலின் அலுவலகம் போலத்தான் நடந்திருக்கிறது.

விடுதலையான பின் சென்னையில் அரிசிக் கடை, நெய்க் கடை என்று எதையெதையோ செய்து பார்த்தார். கடைசியில் நீதிபதி ஈ.எச்.வாலஸ் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ராஜ துரோகி என்று தண்டிக்கப்பட்டவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதற்குத் தனி நெஞ்சு வேண்டும். கோவில்பட்டியில் மீண்டும் வக்கீலாக உட்கார்ந்தார், மறுபடியும் தனி ஆளாக. பிறகு தூத்துக்குடிக்கே திரும்பி 1936 நவம்பர் 18 அன்று காலமானார்.

இருபது பேர் என்ற வரம்பு சுதந்திரத்துக்குப் பிறகும், 1956 சட்டத்திலும் தொடர்ந்தது. வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கு 2008-இல் சட்டம் வந்த பிறகே வழி பிறந்தது. கடல் வழக்கு அதிகாரம் 2017 சட்டத்திலும் உயர் நீதிமன்றங்களிடமே இருக்கிறது.

ஆனால் குற்றவியல் வழக்கு உள்ளூர்க் கோர்ட்டுக்கு வந்தாக வேண்டுமே. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஒஹையோ என்ற கப்பலை, ஆயுதங்களோடு இருந்ததால், கடலோரக் காவல் படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. சொந்தக்காரர் அட்வன்ஃபோர்ட் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம். கப்பலில் இருந்த 35 பேருக்கும் 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுவித்தது. எத்தனை பெரிய அமெரிக்கச் சட்ட நிறுவனமாக இருந்தாலும் அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்று வாதாட முடியாது, இந்திய வக்கீலின் வக்காலத்துதான் செல்லும்.

அந்த வெளிநாட்டு வக்கீல்கள் விமானத்தில் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாமா என்ற கேள்வியை எழுப்பியதும் தமிழ்நாட்டு வக்கீல் ஒருவர்தான். ஏ.கே.பாலாஜி 31 வெளிநாட்டு நிறுவனங்கள் மீது சென்னையில் வழக்குப் போட்டார். எப்போதாவது வந்துபோகலாம், அலுவலகம் திறக்கக் கூடாது என்ற போக்கில் 2018 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. 2023-இல் பார் கவுன்சில், வெளிநாட்டுச் சட்டம் சார்ந்த வேலைக்கு மட்டும், கோர்ட் வாசலுக்கு வெளியே, கதவைக் கொஞ்சம் திறக்க விதிகள் வகுத்தது.

இதே கடலின் எதிர்க்கரையில், வ.உ.சி. பிறப்பதற்கு 31 ஆண்டு முன்பே, 1841-இல் கொழும்பில் தொடங்கிய ஒரு சட்ட நிறுவனம் இன்றும் அதே குடும்பப் பெயரோடு நடக்கிறது. டி சேரம் குடும்பத்துக்குக் கைகூடியது எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)