பந்தயத் தடம் தந்த பிரேக்

சாலைக் காரைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுசெல்வோர் முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சினை அன்று, பிரேக்கை. பிரேக் வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. அவ்வெப்பம் வெளியேறாவிடில் பிடி தளரும். டிரம் பிரேக்கின் குறை இதுவே. பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அதன் ஆற்றலை உலகறியச் செய்தது 1953ஆம் ஆண்டின் லெ மான் 24 மணிநேரப் பந்தயம். டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப்பில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வென்றனர். வளைவை மேலும் நெருங்கிய பிறகே பிரேக்கை மிதிக்க முடிந்தது அவர்களுக்குப் பெரும் அனுகூலம். 1955இல் சிட்ரோவன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. ஆயினும் வெப்பம் தோற்றுவிடவில்லை: சாலைக்கென அமைந்த பேடும் பழைய பிரேக் திரவமும் தடத்தின் சூட்டைத் தாங்கா. திரவம் கொதித்தால் மிதி வெறுமனே அமிழும். ஆகவே வெப்பம் தாங்கும் பேடு, புதுத் திரவம், காற்றோட்டம் ஆகிய இன்றைய மாற்றங்கள் அதே பழைய போராட்டத்தின் தொடர்ச்சியே.