ஓத்தோமோவின் பீரங்கியும் புங்கோ நாட்டுப் பிள்ளைகளும்

யப்பானின் கியூஷு தீவில், தசாய்பு நகரில் உள்ள கியூஷு தேசிய நூதனசாலை 2015 ஆம் ஆண்டு ஒரு சிறப்புக் கண்காட்சியை நடத்தியது. 16 ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவைப் பங்குபோட்டு ஆண்ட பிரதேசத் தலைவர்களும், ஆசியக் கடல் வழியே அவர்களுக்கிருந்த வெளித்தொடர்புகளுமே அதன் பொருள். யப்பானின் போர்க்கால வரலாறு பெரும்பாலும் நொபுனாகா, ஹிதேயோஷி, இயேயாசு என்று தலைநகரைப் பிடித்த மூவரின் கதையாகவே சொல்லப்படும். ஓரத்தில் இருந்தவர்களை நடுவில் வைத்துப் பார்ப்பது நல்ல காரியம். ஆனால் தலைவர்களின் வாளும் கடிதமும் வைக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளுக்கு அப்பால், அவர்களுடைய குடிமக்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். அந்தத் தலைவர்களில் ஒருவரான ஓத்தோமோ சோரினையும் அவருடைய புங்கோ நாட்டையும் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1467 இல் கியோத்தோவில் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு மத்திய ஆட்சி பெயரளவில்தான் மிஞ்சியது. மாகாணங்களில் பலம் உள்ளவர் அரசரானார். டைமியோ என்று அழைக்கப்பட்ட இவர்கள் தாங்களே வரி வாங்கினார்கள், படை வைத்தார்கள், அயல்நாட்டு மன்னர்களோடு ஓலை பரிமாறினார்கள். சுஷிமா தீவை ஆண்ட சோ குடும்பம் கொரியாவுடனான வர்த்தகத்துக்காகக் கொரிய மன்னரின் முத்திரையையே கள்ளமாகச் செய்து வைத்திருந்தது. அந்த மர முத்திரைகள் இன்று இதே நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளன. கள்ள முத்திரை தேசியச் சொத்தாவதற்கு நானூறு ஆண்டுகள் போதும் போலிருக்கிறது.

சோரின் 1550 இல் புங்கோவின் தலைவரானார். அடுத்த ஆண்டே அவரைச் சந்திக்க வந்தவர் எங்களுக்கும் தெரிந்தவர்: புனித பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றியவர், அவர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களை 1544 இல் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1549 இல், சவேரியார் கியூஷுவின் தென்முனையான ககோஷிமாவில் இறங்கினார். மன்னாரில் போலவே அங்கும் மதமும் வர்த்தகமும் ஆயுதமும் ஒரே கப்பலில்தான் வந்தன. போர்த்துக்கீசரின் துவக்கு 1543 இலேயே தனேகஷிமா தீவுக்கு வந்துவிட்டது.

துவக்கு செய்ய யப்பானியக் கொல்லர்கள் விரைவில் பழகிக்கொண்டார்கள். ஆனால் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. சோரின் 1567 இல் மக்காவோவில் இருந்த ஆயர் கார்னெய்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 200 காட்டி, அதாவது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 120 கிலோ நல்ல வெடியுப்பு தனக்கு வேண்டும் என்றும், தன் எதிரியான மோரி குடும்பத்துக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்றும் அதில் கேட்டிருந்தார். தன் நாடு பிழைத்தால்தான் திருச்சபையும் அங்கே பிழைக்கும் என்பது அவருடைய வாதம். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்ல. ஞானஸ்நானம் பெற்றது 1578 இல். பெற்ற பெயர் பிரான்சிஸ்கோ, சவேரியாரின் பெயர்.

அதே ஆண்டில் தெற்கே சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்திடம் அவருடைய படை பெருந்தோல்வி கண்டது. ஒருகாலத்தில் கியூஷுவின் ஒன்பது நாடுகளில் ஆறுக்கு அதிகாரம் பெற்றிருந்தவரின் வீழ்ச்சி அங்கிருந்து தொடங்கியது. 1586 இல் ஷிமாசு படைகள் புங்கோவுக்குள் நுழைந்தன. சோரின் உசுகி என்ற கடலோரக் கோட்டைக்குள் இருந்தார். போர்த்துக்கீசரிடமிருந்து பெற்ற பீரங்கி அங்கே இருந்தது. அதற்கு 'குனிகுசுஷி' என்று பெயர். 'நாடு தகர்ப்பான்' என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பீரங்கி என்று கருதப்படுவது இன்று தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தோடு சேர்ந்த போர் நூதனசாலையில் நிற்கிறது.

பீரங்கியால் கோட்டை பிழைத்தது. புனாய் பிழைக்கவில்லை. சோரினின் மகன் யோஷிமுனே நகரத்தை விட்டுத் தப்பியோடினார். சீன வணிகர்கள் வந்துபோன, அல்மெய்தா என்ற போர்த்துக்கீசர் 1557 இல் மருத்துவமனை நடத்திய அந்தத் தலைநகரம் எரிந்துபோனது.

இன்று அந்த இடத்தில் ஓயித்தா நகரம் இருக்கிறது. புகையிரத நிலையப் பகுதியிலும் வீதிகளிலும் கட்டட வேலைகள் தொடங்கியபோது, 1990 களின் பிற்பகுதியிலிருந்து அங்கே பெருமளவில் அகழாய்வு நடந்தது. எரிந்த மண் படை ஒன்று கிடைத்தது. அந்த மண் எப்படி இருக்கும் என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புனாயில் தோண்டிய இடங்களில் சீன, கொரிய மட்பாண்டங்களோடு தாய்லாந்து, வியட்நாம், மியன்மார் நாட்டுச் சாடிகளும் கிடைத்தன. சிறு பிள்ளைகளின் புதைகுழிகள் இருந்த கிறிஸ்தவ மயானம் ஒன்றும் வெளிப்பட்டது. கழுத்தில் அணியும் ஈயப் பதக்கங்களும் துவக்குக் குண்டுகளும் எடுக்கப்பட்டன. ஈயத்தின் மூலத்தை ஆய்வுகூடத்தில் சோதித்தபோது, அவற்றில் ஒரு பகுதி தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்துச் சோங் தோ சுரங்கத்து ஈயம் என்று தெரிந்தது. ஒரே சுரங்கத்து ஈயம் ஒருவருக்குச் செபப் பதக்கம், இன்னொருவருக்குக் குண்டு. என்னைக் கேட்டால், டைமியோக்களின் வெளித்தொடர்பு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

கப்பல்கள் கொண்டுவந்தவை இவை. கொண்டுபோனவை என்ன?

ஷிமாசு படையினர் புங்கோவின் பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். யப்பானில் வாழ்ந்த லூயிஸ் புரோயிஸ் என்ற யேசுசபைக் குருவானவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிடிபட்டவர்கள் அயலிலுள்ள ஹிகோ நாட்டில் விற்கப்பட்டார்கள். அங்கே பஞ்சம் வந்தபோது வாங்கியவர்களால் தங்களுக்கே சோறு போட முடியவில்லை. ஆகவே ஷிமபரா பக்கம் கொண்டுபோய், நாற்பது பேர்வரை ஒன்றாக நிறுத்தி, கால்நடைபோல மறுபடியும் விற்றார்கள். கியூஷுவைப் பணியவைத்த ஹிதேயோஷி, புங்கோவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று 1588 இல் கட்டளையிட்டார். புஜிகி ஹிசாஷி என்ற வரலாற்றாசிரியர் 1995 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஆவணங்களைச் சேர்த்து, ஆள்பிடிப்பு அக்காலப் போரின் தற்செயலான விளைவு அல்ல, சாதாரணப் படைவீரனுக்குக் கிடைத்த கூலியே அதுதான் என்று காட்டினார்.

ஆள்பிடிப்பு ஷிமாசுவோடு தொடங்கவும் இல்லை. 1577 அளவில் புங்கோவில் பிறந்த ஒரு சிறுவன், படையெடுப்புக்கு முன்பே, யப்பானியன் ஒருவனால் கடத்தப்பட்டு நாகசாகிக்குக் கொண்டுபோகப்பட்டான். 1585 அளவில் ருய் பெரேஸ் என்ற போர்த்துக்கீச வணிகர் அவனை வாங்கினார். அவனுக்கு இடப்பட்ட பெயர் கஸ்பார் பெர்னாண்டஸ். அவனுடைய யப்பானியப் பெயர் ஆவணத்தில் இல்லை. பெரேஸ் யூத வம்சத்தவர். சமய விசாரணை மன்றத்துக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிய குடும்பம் அது. ஓடியவர்களோடு கஸ்பாரும் நாகசாகியிலிருந்து மணிலாவுக்குப் போனான். அங்கே பெரேஸ் கைதானார். மெக்சிக்கோவுக்குக் கொண்டுபோகும் வழியில் கப்பலிலேயே இறந்தார். கஸ்பார் மெக்சிக்கோவில் இறங்கினான்.

இந்தக் கதை மெக்சிக்கோவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. லூசியோ டி சௌசா என்ற போர்த்துக்கீச ஆய்வாளர் கண்டெடுத்து, 2013 இல் யப்பானியப் பத்திரிகைகளில் செய்தியானது. கஸ்பார் அங்கே மனுப் போட்டிருக்கிறார். தான் அடிமை அல்ல, குறிப்பிட்ட சில ஆண்டுகள் வேலை செய்வதற்காக மட்டுமே ஒப்படைக்கப்பட்டவன் என்பது அவருடைய முறைப்பாடு. மன்றம் விசாரித்து, 1604 இல் அவர் சுதந்திர மனிதர் என்று தீர்த்தது. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது இருக்கும். புங்கோ நாடு ஓத்தோமோ குடும்பத்தின் கையைவிட்டுப் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.